"லேசா சுணக்கமா இருக்கு" என்று அம்மா சொன்னபோது

அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். படிக்கிறவர்கள் நடுவில் பதறக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஜூன், ஜூலையில் நான் பட்ட பாட்டை எழுதிவைக்க வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து, முடியாமல் எழுந்து போயிருக்கிறேன். போன வாரம் எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் லிஃப்டில் வைத்து, "மாமியாருக்கு ஒண்ணுமில்லக்கா, சும்மா படுத்தே கிடக்காங்க, எது சொன்னாலும் செய்ய மாட்டேங்கிறாங்க" என்றாள். அந்த "மாட்டேங்கிறாங்க" காதில் விழுந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இதே வார்த்தையைத்தான் அம்மாவைப் பற்றி நானும் மூன்று வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அங்கே "சுணக்கம்" தினமும் புழங்குகிற சொல். காய்ச்சல் விட்ட பிள்ளை விளையாடப் போகாமல் மடியிலேயே கிடந்தால் "பிள்ள சுணங்கிக் கெடக்கு" என்பார்கள். தண்ணீர் காணாத வெண்டைச் செடி சுணங்கிப் போகும். கல்யாண வீட்டில் தன்னைச் சரியாகக் கூப்பிடவில்லை என்றால் பெரியப்பா முகம் சுணங்கும். கொடுக்க மனமில்லாதவன் பணம் கொடுப்பதில் சுணக்கம் காட்டுவான். பேப்பரைத் திறந்தால் மேம்பாலப் பணியில் சுணக்கம். இலங்கைத் தமிழர்களிடம் பேசினால் "சுணங்காம வாங்கோ" என்பார்கள். அவர்களுக்குத் தாமதம்தான் முதலில் தோன்றும் பொருள். சங்கப் பாட்டில் வரும் சுணங்கு பெண்ணின் மேனியில் படரும் தேமல், வேங்கைப் பூவோடு ஒப்பிட்டுப் பாடியிருப்பார்கள். அது வேறு கதை. நோய் என்று பெயர் வைக்க முடியாத லேசான சீக்கும், ஒன்றில் மனம் ஒட்டாத தயக்கமும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எனக்கு வந்த வினை அதில்தான். ஊரில் இருந்தால் இது ஆபத்தில்லை. தெருவில் நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டு, இது மேலுக்குச் சரியில்லாத சுணக்கமா, மருமகளோடு மனத்தாங்கலா என்று சொல்லிவிடுவார்கள். புனேயில் ஒன்பதாவது மாடியில் அதைச் சொல்ல ஆள் கிடையாது.

அப்பாவின் ஆண்டுத் திதி முடிந்ததும், மார்ச்சில், அம்மாவை என்னோடு அழைத்துவந்தேன். அவளுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. என் வீட்டுக்காரர் அலுவலக வேலையாக ஆறு மாதம் ஜெர்மனி போயிருந்தார். பையன் கல்லூரி விடுதியில். ஆக வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு மகள் வீட்டில் நாள்கணக்கில் தங்குவதில் இஷ்டமில்லை. "மக வீட்டுல போயி உக்காந்துக்கிட்டான்னு சொல்ல மாட்டாவளா?" என்று வருவதற்கு முன்பே பத்து தடவை கேட்டுவிட்டாள். ஏப்ரலில் அவள் பெயரில் ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தேன். பல வருடமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதை மறைக்காமல் எழுதி, முப்பத்தோராம் நாளிலிருந்து அதற்கும் சேர்த்துக் காப்பு கிடைக்கிற மாதிரி கூடப் பணம் கட்டித்தான் எடுத்தேன். இது பின்னால் வரும்.

மே மாதம் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம். அலைச்சலில் அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது. அங்கே உள்ள டாக்டர் பார்த்து, பழைய மாத்திரையான அம்லோடிபினால் சிலருக்குக் கால் வீங்கும் என்று சொல்லி, அதை நிறுத்திவிட்டு நீர் பிரிய வைக்கிற குளோர்தாலிடோன் கலந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அழுத்தமும் குறைந்தது, வீக்கமும் வடிந்தது. எனக்கு நிம்மதி. யாரோ ஒரு சொந்தக்காரர், பிரஷர்காரர்களுக்கு உப்புதான் விஷம் என்று சொன்னதை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். புனே திரும்பியதும் மூன்று வேளையும் உப்பில்லாத கஞ்சி, ஒரு துண்டு வேகவைத்த பீர்க்கங்காய். நானும் என் பங்குக்கு ஒரு லிட்டர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்து, நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் இரண்டு பாட்டில் காலியாகியிருக்க வேண்டும் என்று கண்டிப்பு. தண்ணீர் குடித்தால் நல்லது என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. நீர் மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, அளவுக்கு மீறிய தண்ணீர், வயதான பெண்ணின் உடம்பு. இந்த நாலும் ஒன்றுசேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும் என்பதை ஒரு மாதம் கழித்து ஐசியு வாசலில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன்.

ஜூன் நடுவில் ஒரு நாள் சாயங்காலம், "என்னம்மா, கீழ நடக்கப் போகலியா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லட்டி, லேசா சுணக்கமா இருக்கு" என்றாள். இரண்டு நாள் கழித்தும் அதே பதில். எனக்கு அது எப்படிக் கேட்டது என்றால், இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்று கேட்டது. ஏனென்றால் நான் ஏற்கெனவே அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த முதல் வாரத்திலிருந்தே, இவள் எப்போது ஊருக்குப் போகணும் என்று ஆரம்பிப்பாளோ என்று மனதுக்குள் ஒரு பயம். அண்ணனுக்குப் போன் பண்ணினால், "அவளுக்கு அங்க ஒட்டலட்டி, ரெண்டு நாள்ல சரியாயிரும், கண்டுக்காத" என்றான். ஜெர்மனியிலிருந்து என் வீட்டுக்காரர், "அத்தைக்கு பேச்சுத்துணை இல்லாம போரடிக்கும்" என்றார். ஆளாளுக்கு மனசைத்தான் சொன்னோம். உடம்பைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில் ஒரு காட்சி மட்டும் என்னால் மறக்க முடியாதது. ஞாயிற்றுக்கிழமை காலை, வெந்தயக்கீரை ஒரு கட்டு வாங்கிவந்து அம்மா முன்னால் வைத்தேன். கீரை ஆய்வது அவளுக்குப் பிடித்த வேலை. பேப்பரை விரித்துப்போட்டு, இடதுபக்கம் கிண்ணம், வலதுபக்கம் குப்பைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. அரைமணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கிண்ணம் நிறையத் தண்டு. இலை முழுக்கக் குப்பைப் பையில். அவள் அதை ஒழுங்காக, ஒவ்வொரு தண்டாக, மெதுவாகச் செய்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். "பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லேம்மா, ஏன் இப்படிப் பண்ற" என்று கத்தினேன். அவள் என்னையும் பார்த்தாள், கையில் இருந்த தண்டையும் பார்த்தாள். "தெரியலியே" என்றாள். அறுபது வருடமாகக் கீரை ஆய்ந்த கை அது. அந்த நேரத்தில் நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். கத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

கவனித்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் இதை மனதில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அம்மா ஒரு நாளும் "சாப்பிட மாட்டேன்" என்று சொல்லவில்லை. "சாப்பிட ஏலல" என்றாள். "நடக்கப் பிடிக்கல" என்று சொல்லவில்லை, "கால் தூக்கிவைக்க முடியல" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த "முடியலை", என் வாய்க்கு வந்ததும் "மாட்டேங்கிறா" ஆகிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையாகவே அப்படித்தான் பட்டது. நம் பேச்சிலேயே இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கின்றன. "என்னால முடியாதுப்பா" என்று ஒருவன் சொன்னால் அவனுக்குத் தெம்பில்லை என்றும் இருக்கலாம், இஷ்டமில்லை என்றும் இருக்கலாம். "சடவா இருக்கு" என்றால் உடம்பு அலுப்பும்தான், சலிப்பும்தான். அதனால் இப்போது யார் என்னிடம் கேட்டாலும் சொல்வது, பெரியவர்கள் சொல்வதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதிவையுங்கள், அவர்கள் வாய்ச்சொல்லாகவே, தேதியோடு. சுருக்கிச் சொல்லாதீர்கள், உங்கள் முடிவைக் கலக்காதீர்கள். இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேளுங்கள்: "மனசு வரலியா, மேலு வரலியா?" எங்கள் ஊர்ப் பேச்சில் மேல் என்றால் உடம்பு. இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அம்மா தெளிவாகப் பதில் சொல்லியிருப்பாள். நான் கேட்கவே இல்லை.

டாக்டரிடம் போகவில்லை என்று இல்லை, போனேன். முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொது மருத்துவர், ஃபீஸ் அறுநூறு ரூபாய். எனக்கு மராத்தி அரைகுறை, இந்தியில்தான் பேசினேன். சுணக்கத்துக்கு இந்தியில் என்ன சொல்வது என்று ஒரு நொடி யோசித்து "சுஸ்தி" என்றேன். அங்கேயும் அது சோம்பலைக் குறிக்கும் சொல்தான். சாப்பாட்டில் இஷ்டமில்லை, வெளியே வர இஷ்டமில்லை, அப்பா தவறி ஒரு வருடம் ஆகிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் அழுத்தம் பார்த்தார், நன்றாக இருந்தது. சத்து மாத்திரையும் டானிக்கும் எழுதினார். ஒரு வாரத்தில் மாற்றம் இல்லை. ஜூலை இரண்டாம் தேதி மனநல மருத்துவரிடம் போனேன், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்டார். "பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அட்டையைக் கொண்டுபோகவில்லை, மே மாதம் மாத்திரை மாறியது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. நான் சொன்ன கதையைக் கேட்டால் யாருக்கும் மனச்சோர்வு என்றுதான் தோன்றும். அவர் எஸ்சிடாலோபிராம் சின்ன அளவில் தொடங்கினார். அந்த வகை மாத்திரைகளும் வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கக்கூடியவை, நீர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் அதிகம். எரிகிற அடுப்பில் இன்னொரு விறகையும் நானே கொண்டுபோய்ச் செருகினேன். அந்த இரண்டு டாக்டர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அம்மாவின் பேச்சு புரியாது. என் பேச்சை நம்பித்தான் மருந்து கொடுத்தார்கள்.

வேறு மொழி பேசுகிற டாக்டரிடம் போகும்போது ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் தேடவே கூடாது. சுணக்கம், கிறக்கம், சடவு, ஒரு மாதிரியா வருது, இதற்கெல்லாம் நேர்ச்சொல் கிடைக்காது. கிடைத்தாலும் அது பாதியைத்தான் சொல்லும். போன மாதம் என்ன செய்தார்கள், இந்த வாரம் என்ன செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். "மே மாதம் மூன்று மாடி ஏறினார், இப்போது கழிப்பறைக்குப் போகச் சுவரைப் பிடிக்கிறார். வேளைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தவர் பாதியோடு எழுந்துவிடுகிறார். கீரையில் இலையையும் தண்டையும் மாற்றிப் போட்டார். பகலில் ஆறு மணி நேரம் தூங்குகிறார். இது ஜூன் பதினைந்தாம் தேதி வாக்கில் தொடங்கியது." இவ்வளவும் எந்த மொழியிலும் சொல்லலாம். இப்படிச் சொல்லியிருந்தால் முதல் டாக்டரே ரத்தப் பரிசோதனை எழுதியிருப்பார் என்று பின்னால் ஐசியு டாக்டர் என்னிடம் சொன்னார். சாப்பிடுகிற அத்தனை மாத்திரையையும், நாட்டு மருந்து, சூரணம் உட்பட, அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடந்த இரண்டு மாதத்தில் புதிதாகச் சேர்த்தது எது, நிறுத்தியது எது என்று கேட்காமலே சொல்லுங்கள்.

ஜூலை பத்தாம் தேதி இரவு அம்மா என்னைச் சித்தியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு தடவை வாந்தி. கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். விடிகாலை நாலு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு எழுந்தால், கட்டிலில் அவள் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மேலே சொருகியிருக்கிறது, வாயோரம் நுரை. அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. செத்துப்போகிறாள் என்றே நினைத்தேன். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது, அதை மட்டும் சரியாகச் செய்தேன். 108க்குப் போன் பண்ணினேன். கீழே காவலுக்கு இருந்த பெரியவரும் அவர் மகனும் வந்துதான் போர்வையில் வைத்துத் தூக்கினார்கள். அந்த மனுஷர் பேர் கூட எனக்கு அதுவரை தெரியாது.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்து முக்கால் மணி நேரத்தில் சொன்னார்கள், சோடியம் 112. சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். மூளை வீங்கி அதனால் வலிப்பு. உப்புதானே குறைச்சல், ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமே என்று நான் கேட்டதற்கு, டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். பல நாளாக மெதுவாக இறங்கியதை ஒரேயடியாக ஏற்றினால் மூளை நரம்புகள் சேதமாகி, கை கால் விழுந்துபோகலாம், பேச்சே போகலாம். இழுப்பை நிறுத்தக் கொஞ்சம் ஏற்றுவோம், அப்புறம் ஒரு நாளைக்கு எட்டு, பத்துக்கு மேல் ஏறவிட மாட்டோம், நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். அதனால்தான் ஐசியுவில் நாலு நாள். அந்த நாலு நாளும் ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 115. 118. 121. 126. நீர் மாத்திரையையும் மனச்சோர்வு மாத்திரையையும் நிறுத்தினார்கள். ஐந்தாவது நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அன்று சாயங்காலம் அம்மா கண்ணைத் திறந்து, "ஏட்டி, நீ சாப்பிட்டியா?" என்றாள். அந்த நிமிடம் வரை நான் அழவில்லை.

ஒன்பது நாளுக்கு மொத்தம் 2,86,000 ரூபாய். இதில் எனக்கு வலித்த கணக்கு ஒன்று உண்டு. சோடியம், பொட்டாசியம் பார்க்கிற அந்த ரத்தப் பரிசோதனைக்கு எங்கள் தெரு லேபில் நானூறு ரூபாய்கூட ஆகாது. புதிதாக நீர் மாத்திரை தொடங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் அந்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொன்னார், அதுவும் வயதான, மெலிந்த பெண்களுக்குக் கட்டாயம். உங்கள் வீட்டில் யாருக்காவது பிரஷர் மாத்திரை மாறியிருந்தால், இதில் நீர் பிரிகிற மருந்து கலந்திருக்கிறதா, எப்போது ரத்தம் பார்க்க வேண்டும், உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று நாலு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கோடிக்கணக்கானவர்களுக்கு அது நல்லதுதான் செய்கிறது. எல்லாச் சுணக்கமும் சோடியமும் இல்லை. தைராய்டு குறைந்தாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும், சர்க்கரை இறங்கினாலும் வயதானவர்கள் இப்படித்தான் படுத்துவிடுவார்கள், புத்தி தடுமாறும், சிலருக்குக் காய்ச்சல்கூட வராது. அதனால் மனசுதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிடுங்கள்.

இதே சொல் என்னை இரண்டாவது தடவையும் அடித்தது. அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். பதறிப்போய் இருந்த நான், "இங்க வந்ததிலேர்ந்தே சுஸ்திதான், நாலு மாசமா" என்றேன். நான் சொன்னது மனசை. மார்ச்சிலிருந்து அவளுக்கு இங்கே ஒட்டவில்லை என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவர் "நான்கு மாதமாக உடல்நலமில்லை" என்று எழுதிக்கொண்டார். காப்பீடு தொடங்கியது ஏப்ரலில். எடுப்பதற்கு முன்பே இருந்த நோய், விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்று, காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுகிற ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்கவில்லை. வளையலையும் ஆரத்தையும் வைத்து 1,80,000 கடன் வாங்கினேன், மீதி கையில் இருந்ததும் வீட்டுக்காரர் அனுப்பியதும்.

வீட்டுக்கு வந்த பிறகு, சிகிச்சை கொடுத்த பெரிய டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மே மாதம் ஊரில் மாத்திரை மாற்றிய சீட்டு தேதியோடு அண்ணனிடம் இருந்தது, அதை வாட்ஸ்அப்பில் வாங்கிக் காட்டினேன். அவர், அறிகுறி தொடங்கியது ஜூன் நடுவில், காரணம் மே மாதம் தொடங்கிய மாத்திரை, நாலு மாதம் என்று முதலில் எழுதியது மொழி புரியாமல் நேர்ந்தது என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை வைத்துப் பணத்தைத் திரும்பக் கேட்டேன். முதலில் மறுத்தார்கள். அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மேனிடம் போவேன் என்றும் எழுதினேன். அங்கே போக வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது. போகத் தேவைப்படவில்லை. மூன்றரை மாதம் கழித்து 2,31,000 வந்தது. நகைக்கடன் வட்டி மட்டும் ஏழாயிரத்துச் சொச்சம், சம்பளமில்லாத விடுப்பு பதினேழு நாள். ஆகவே ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எவ்வளவு பதற்றம் இருந்தாலும், எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு மட்டும் நின்று யோசித்துத் தேதி சொல்லுங்கள். "ரொம்ப நாளா", "எப்பவுமே இப்படித்தான்" என்று வாயில் வந்ததைச் சொல்லாதீர்கள். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அன்றைக்கே வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே திருத்தச் சொல்வது சுலபம், பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் நடக்க வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது வேறு மாத்திரை. கஞ்சியில் உப்பு போடுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கிறோம், கடைசியாக 138. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், அவள் எது சொன்னாலும் அதில் அவள் சொன்னபடியே எழுதுவேன். முதலில் "என்னட்டி, கணக்குப்பிள்ள மாதிரி" என்று சிரித்தாள், இப்போது நான் எழுத மறந்தால் அவளே கூப்பிட்டுச் சொல்கிறாள்.

தை பிறந்து இரண்டாவது வாரம், ஒரு நாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள், "இன்னைக்கு என்னமோ சுணக்கமா இருக்கு" என்றாள். எனக்கு நெஞ்சு ஒரு நொடி நின்றுவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மனசு வரலியா, மேலு வரலியாம்மா?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். எழுந்து நாலு அடி நடந்து பார்த்தாள். தலையை ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மேலுக்கு ஒரு கொறையும் இல்ல. மனசுதான். ஆத்துல ஒரு முக்கு முங்கணும்போல இருக்கு" என்றாள். அன்று மத்தியானமே நாகர்கோவில் ரயிலில் இரண்டு டிக்கெட் போட்டேன்.